அக்கா தங்கச்சி நாலு பேரோட ஏற்காடு

மே 14, புதன். அம்மாப்பேட்டை

சேலம் ஜங்ஷனில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை. அம்மாப்பேட்டைக்கு ஆட்டோக்காரர் 300 ரூபாய் கேட்டார். அம்மா, "ஏனுங்க தம்பி, நாங்களும் இந்த ஊர்தானுங்க" என்றார். 220 ரூபாய்க்கு வந்தார். முப்பது வருடமாகச் சென்னையில் இருக்கும் அம்மா, இந்த ஊர் மண்ணில் கால் வைத்த நிமிடமே அந்தப் பேச்சுக்குத் திரும்பிவிடுவார். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கும்.

இந்தப் பயணம் எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். அம்மா கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர், எல்லாம் பெண்கள். மூத்தவர் அம்மாப்பேட்டை பெரியம்மா, 72 வயது, பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டவர். அடுத்து ஆத்தூர் பெரியம்மா. மூன்றாவது அம்மா. கடைசி நாமக்கல் சித்தி. 59 வயதாகியும் அக்காமார் மூன்று பேருக்கும் அவர் 'பாப்பா'தான். எங்கள் வீட்டில் வாக்கப்பட்ட ஊரே பெயராகிவிடும். என் அம்மா மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் 'மெட்ராஸ் சித்தி', 'மெட்ராஸ் பெரியம்மா'.

நாலு பேரும் வளர்ந்த வீட்டு மொட்டை மாடியில் நின்றால் வடக்கே சேர்வராயன் மலை தெரியும். ராத்திரியில் மேலே ஏற்காட்டு விளக்குகள் மினுக்கும். சின்ன வயதில் அந்த விளக்குகளை எண்ணிக்கொண்டே தூங்குவார்களாம். ஆனால் நாலு பேரும் சேர்ந்து ஒரு தடவைகூட மேலே போனதில்லை. தாத்தா கைத்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். "மேல போயிட்டு வந்தா ஒரு நா தறி நிக்கும்" என்பாராம். தறி நின்றால் அந்த வாரக் கூலியில் அவ்வளவும் குறையும். போன பொங்கலுக்கு போனில் பேசும்போது சித்தி, "நம்ம நாலு பேரும் ஒருக்காவாச்சும் சேந்து போயிரணும்க்கா" என்று அழுதிருக்கிறார். அன்றே நான் டிக்கெட்டும் ரூமும் பார்க்க ஆரம்பித்தேன்.

வீட்டில் தறி இல்லாமல் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தறிக்குழியை மண் போட்டு மூடி டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் மட்டும் டைல்ஸ் வேறு நிறம். மேலே ஃப்ரிட்ஜ் நிற்கிறது. சித்தி உள்ளே வந்ததும் நேராக ஃப்ரிட்ஜ் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இங்கதான் ராட்டை இருக்கும். நான் தார் சுத்துவேன். தூங்கி விழுந்தா அப்பா நாடாவை நிறுத்திட்டு ஒரு சத்தம் போடுவாரு பாரு." தார் என்றால் ஊடை நூல் சுற்றும் சின்னக் குழல். நாடா, அதை வைத்துத் தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிடுவது. பக்கத்துத் தெருவில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் வேறு, கைத்தறிச் சத்தம் வேறு என்று நாலு பேரும் வாயாலேயே இரண்டையும் தட்டிக் காட்டினார்கள்.

மதியம் அரிசிம்பருப்பு சாதம், கத்தரிக்காய் கடைசல், அப்பளம், தயிர். வெயில் வீட்டுக்குள்ளேயே சுட்டது. பெரியம்மா மகனான அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போய்விட்டார்கள். இருந்தது நாங்கள் ஐந்து பேர்தான். ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட என்ன தடை? ஆனால் அது நடக்கவில்லை. பெரியம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. ஆத்தூர் பெரியம்மா கரண்டியோடு நின்றார். அம்மா மாம்பழம் நறுக்கினார். சித்தி தண்ணீர் எடுக்க, ஊறுகாய் எடுக்க, மோர் எடுக்க என்று எழுந்துகொண்டே இருந்தார். "நீ உக்காருக்கா", "நீ மொத உக்காரு", "எனக்குப் பசியில்ல, நீங்க சாப்பிடுங்க" என்று அரை மணி நேரம் இதே பேச்சு. தட்டின் முன்னால் முழுதாக உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். பெரியம்மா மூன்றரை மணிக்கு, அடுப்படி வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு, குண்டானின் அடியில் இருந்ததை அப்படியே கையில் எடுத்துச் சாப்பிட்டார்.

இத்தனை வருடம் இந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறேன். இன்றைக்குத்தான் இது என் கண்ணில் பட்டது. நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. கல்யாண வீடுகளில்கூட ஒருத்தர் எழுந்து பந்தியைக் கவனிக்கப் போய்விடுவார்.

மே 15, வியாழன். கடைவீதி

வெயில். ஒன்பது மணிக்கே தெருவில் நடக்க முடியவில்லை. சேலத்தைச் சுற்றிலும் மலை: வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. நடுவில் உள்ள ஊர் வாணலி மாதிரி காய்கிறது.

சுகவனேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு, கல் சுடுவதால் பிராகாரத்தில் ஓட்டமும் நடையுமாகச் சுற்றி வந்தோம். பிறகு சின்னக்கடை வீதி. சித்தி பேத்திக்குக் கொலுசு எடுக்க வேண்டும் என்றார். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பெரியம்மாவுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வீட்டிலேயே கொலுசு வேலை செய்கிறது. முன் அறையில் அப்பா பற்றவைக்கிறார். மகள் தரையில் உட்கார்ந்து சின்னச் சின்ன முத்துகளைக் கோக்கிறாள். எங்களைப் பார்த்ததும் வேலையை அப்படியே வைத்துவிட்டு, முதலில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறைகிறது, வாரத்தில் நாலு நாள்தான் வேலை இருக்கிறது என்றார் அவர். கூலிக்கு வேலை செய்த வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதால் நாலு பேரும் பேரம் பேசவில்லை. அவர் சொன்ன விலையைக் கொடுத்தே சித்தி வாங்கினார்.

மாலை தட்டுவடை செட். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: உள்ளங்கையில் பாதி அளவு தட்டுவடை இரண்டு. நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், ஒரு பக்கம் காரச் சட்னி, ஒரு பக்கம் புதினா கொத்தமல்லிச் சட்னி. அப்படியே முழுதாக வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட நினைத்தால் சேலை மேலே கொட்டிவிடும். ஒரு பிளேட் 40 ரூபாய். தள்ளுவண்டிக்காரத் தம்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தே, "அம்மாவுக்குக் காரம் கம்மியா போடறேன்" என்றான். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "மூக்கை உறிஞ்சறாங்களேக்கா" என்றான்.

வண்டியைச் சுற்றி நின்றுதான் சாப்பிட்டோம். அங்கேயும் பெரியம்மா தன் பிளேட்டிலிருந்து ஒன்றை எடுத்துச் சித்தி பிளேட்டில் வைத்தார்.

திரும்பும்போது மாம்பழம். மல்கோவா கிலோ 140, இமாம் பசந்த் 200. மலைக்குக் கொண்டுபோக என்று பெரியம்மா நாலு கிலோ மல்கோவா வாங்கினார். மலைமேல் பழம் கிடைக்காதா என்று கேட்டேன். "கெடைக்கும். நம்ம ஊட்டுப் பழம் கெடைக்காது" என்றார்.

மே 16, வெள்ளி. இருபது வளைவு

கார் பேசி வைத்திருந்தேன். காலையில் பெரியம்மா, "பஸ்ஸுலயே போலாம் கண்ணு" என்றார். முட்டி வலிக்கிறவர், பை நாலு, அதில் மாம்பழம் நாலு கிலோ. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புது பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணி நேரம் நின்று, மூன்றாவது பஸ்ஸில் இடம் கிடைத்தது. பெரியம்மா ஜன்னல் சீட் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் எதையாவது கேட்டு வாங்கி நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வந்தது. டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டுடியோ. எத்தனையோ படம் எடுத்த இடத்தில் இன்று சாலையோரம் அந்த முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. சித்தி போட்டோ எடுக்கப் போனை எடுப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது.

அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. ஏழாவது வளைவில் ஆத்தூர் பெரியம்மா எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்தார். பத்தாவதில் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டாவதில் சித்தி வாந்தி எடுத்துவிட்டார். பின்சீட்டில் இருந்த ஒரு பெண், யாரும் கேட்காமலே கவரும் தண்ணீரும் ஒரு துண்டு இஞ்சியும் நீட்டினார். மேலே வாழவந்திக்குப் போகிறவராம். "வாரத்துக்கு ரெண்டு தடவ ஏறி எறங்கறேன், எனக்கும் மொத வருசமெல்லாம் இப்படித்தான்" என்று சித்தியின் முதுகைத் தடவிவிட்டார். சித்தி அந்தப் பெண்ணின் முந்தானையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெயர்கூடக் கேட்காமல் இறங்கிவிட்டோம் என்று எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

பெரியம்மாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "இருவதாவது தாண்டினதும் சில்லுனு காத்து வரும் பாரு." வந்தது. "இன்னும் கொஞ்ச நேரத்துல ஏரி வந்துரும்." அதுவும் வந்தது. டிவியில் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

ரூம் விஷயத்தில்தான் ஏமாந்தோம். இரண்டு ரூமுக்கு முன்பணம் கட்டியிருந்தேன். போனால் ஒன்றுதான் இருக்கிறது என்றார்கள். கோடைக் கூட்டம், வெள்ளிக்கிழமை, வேறு எங்கும் இடமில்லை. நான் கத்திக்கொண்டிருக்கும்போதே அக்கா தங்கச்சிகள் உள்ளே போய், இரண்டு கட்டிலையும் சேர்த்துத் தள்ளிப் பாயை விரித்துவிட்டார்கள். "அஞ்சு பேருக்கு ஒரு ரூமு போதும். எதுக்கு ரெண்டு?" என்றார் பெரியம்மா. ஒரு ரூம் பணத்தைத் திருப்பி வாங்க மறுநாள் மத்தியானம் வரை அலைந்தேன்.

மதியம் ஏரிப் பக்கம் ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பிட்டோம். ஒரு அம்மா நடத்துகிறார். ஆறு பெஞ்சு, வாழை இலை, சாப்பாடு 120 ரூபாய். பெஞ்சில் நாலு பேரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார். நான் எதிரில். சாதம் வந்தது, சாம்பார் வந்தது. ஆத்தூர் பெரியம்மா இலையில் பொரியல் இன்னும் விழவில்லை என்று அம்மாப்பேட்டை பெரியம்மா எழுந்து வாளியை நோக்கிக் கை நீட்டினார். மெஸ்ஸுக்கார அம்மா வாளியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"உக்காருங்கம்மா. இங்க நாந்தான் பரிமாறுவேன்."

அதட்டல்தான், ஆனால் கனிவான அதட்டல். பெரியம்மா உட்கார்ந்தார். பீன்ஸ் பொரியல், சௌசௌ கூட்டு, மிளகு தூக்கலாக ஒரு ரசம். தோட்டத்து மிளகு, தொண்டையில் இறங்கும்போதே தெரிந்தது. நாலு பேரும் குனிந்து சாப்பிட்டார்கள். யாரும் யாருக்கும் எதையும் எடுத்து வைக்கவில்லை. வலது கை மட்டும் ஒரே மாதிரி இலைக்கும் வாய்க்கும் போய்வந்தது. நாலு பேரும் சாதத்தைப் பிசைகிற விதம் ஒன்று: முதலில் விரல் நுனியால் நடுவில் குழி செய்து, அதில் ரசத்தை வாங்கி, ஓரத்திலிருந்து சரித்து. எங்கள் பாட்டி அப்படித்தான் சாப்பிடுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். நான் என் இலையைப் பார்த்தேன். நானும் அப்படித்தான் குழி செய்திருந்தேன்.

பெரியம்மா மூன்று தடவை ரசம் கேட்டு வாங்கினார்.

நாலு மணிக்கு இடி. ஒரு மணி நேரம் நல்ல மழை. நின்றதும் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைக்குப் போனோம். மேகம் கீழே இறங்கி, மலைச்சரிவு ஈரத்தில் பளபளத்தது. ஆறே முக்காலுக்குச் சேலத்தில் ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பித்தது. நாலு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாப்பேட்டையைத் தேடினார்கள். அதுதான் என்றார் ஒருவர், இல்லை அது அஸ்தம்பட்டி என்றார் இன்னொருவர். பக்கத்தில் நின்ற காலேஜ் பையன்களில் ஒருவன் போனில் மேப்பைத் திறந்து, திசை பார்த்து, பெரியம்மாவின் கையைப் பிடித்து நீட்டிக் காட்டினான். "பாட்டி, அந்த மஞ்ச விளக்கு வரிசையா போகுதில்ல, அதுக்கு எடது கைப்பக்கம்." பெரியம்மா வெகுநேரம் பார்த்தார். "நம்ம மாடி லைட்டைப் போட்டுட்டு வந்திருக்கலாம்" என்றார்.

ராத்திரி எட்டரைக்கு மறுபடி மழை, கரண்டும் போனது. ஐந்து பேரும் ஒரே படுக்கையில். மே மாதத்தில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு. இருட்டில் மாம்பழம் நறுக்க முடியாது என்று சித்தி ஒரு பழத்தை அப்படியே பிழிந்து ஓட்டை போட்டு உறிஞ்சி, அடுத்தவர் கையில் கொடுத்தார். அது வரிசையாகச் சுற்றி வந்தது. அப்போதுதான் பெரியம்மா சொன்னார்.

"நான் இங்க ஒருக்கா வந்திருக்கறேன்."

யாரும் பேசவில்லை. மழைச் சத்தம் மட்டும்.

1974, தை மாதம். கல்யாணமாகி இரண்டு வாரம். பெரியப்பா வீட்டோடு வந்த மாப்பிள்ளை, தாத்தாவின் தறியில்தான் உட்கார்ந்தார். ஒருநாள் சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் பஸ் ஏறி ஏற்காடு வந்துவிட்டார்கள். ஜன்னல் சீட். இருபது வளைவு. ஏரியைச் சுற்றி நடந்தார்கள், டீ குடித்தார்கள், மூன்று மணி பஸ்ஸில் இறங்கிவிட்டார்கள். அவ்வளவுதான்.

"நாலு பேரும் சேந்து போலாம்னு மாடியில படுத்துக்கிட்டு சொன்னவ நானு. நான் மட்டும் வந்துட்டேன். உங்ககிட்டச் சொல்ல வாய் வரல. ஆறு ஆரஞ்சு வாங்கினேன். கடைவீதியில வாங்கினதுன்னு சொல்லிக் குடுத்தேன்."

சித்தி எழுந்து உட்கார்ந்தார். "தோல் ஒட்டாம வருமே, அந்த ஆரஞ்சா?"

அப்போது அவருக்கு எட்டு வயது. அந்தப் பழத்தை ஐம்பத்தோரு வருடம் ஞாபகம் வைத்திருக்கிறார். சுளையும் தோலும் தனித்தனியாக, சட்டையைக் கழற்றுகிற மாதிரி வந்ததாம். அதே மாதிரி வேண்டும் என்று அடுத்த வாரமே கடைவீதியில் அடம் பிடித்து அடி வாங்கியிருக்கிறார். கடைவீதியில் இருந்ததெல்லாம் வேறு பழம். "நான் அடி வாங்கறப்பகூட நீ சொல்லலயேக்கா." அதைச் சொன்ன குரல் விளையாட்டுக் குரல் இல்லை. அம்மா சிரித்து மாற்றப் பார்த்தார். சித்தி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மே 17, சனி. சேர்வராயன் கோயில்

சித்தி காலையில் பெரியம்மா நீட்டிய காப்பியை வாங்கவில்லை. தானே கீழே போய்க் குடித்துவிட்டு வந்தார். 59 வயதில் இப்படிக் கோபித்துக்கொள்ள ஒருவருக்கு அக்கா உயிரோடு இருக்க வேண்டும். எனக்கு அதைப் பார்க்க வருத்தமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை.

ஜீப் ஒன்று பேசினோம், அரை நாளுக்கு 1,500 ரூபாய். ஓட்டிய தம்பி இங்கேயே பிறந்தவர். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது, சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் 1820-களில் கொண்டுவந்து வைத்த செடிதான் இந்த மலை முழுக்கப் பரவியது என்றார். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் சுற்றி ஏறிய மிளகுக் கொடிகள். ஈரத்தில் மண் வாசனையும் இலை வாசனையும் கலந்து ஜீப்புக்குள் வந்தது. முன்சீட்டில் இருந்த சித்தி திடீரென்று, "தம்பி, இங்க ஆரஞ்சு கெடைக்குமா?" என்று கேட்டார்.

"மே மாசத்துல ஏதுங்கம்மா? மார்கழி, தையில வாங்க."

பின்னால் பெரியம்மா கண்ணாடி வழியே வெளியே பார்த்தார்.

சேர்வராயன் கோயில் மலையின் உச்சியில், 5,300 அடிக்கு மேலே. மரமே இல்லாத வெட்டவெளி, சிவந்த மண், முந்தானையைப் பிடுங்கும் காற்று. கோயில் ஒரு குகை. குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். இந்தக் குகை காவிரி பிறக்கிற இடம் வரை போகிறது என்று மலை மக்கள் நம்புகிறார்கள். ஜீப் தம்பி தங்கள் கதையைச் சொன்னார்: மலையாளி என்று சொல்லப்படும் இந்த மலைவாழ் மக்கள், காஞ்சிப் பக்கமிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி வந்தவர்கள். வந்தவர்கள் மலைக்கு ஒருவராகப் பிரிந்து, மலைக்கொரு வம்சமாக ஆனார்கள்.

"நம்மளாட்டம்" என்றார் ஆத்தூர் பெரியம்மா. "ஊருக்கு ஒருத்தி."

குகைக்குள் போகும்போது பெரியம்மாவுக்கு முட்டி மடங்கவில்லை. வாசலிலேயே கையை ஊன்றி நின்றுவிட்டார். நான் பிடிக்கப் போவதற்குள் சித்தி முன்னால் போய், பெரியம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு, "தலையைக் குனிக்கா, இடிச்சுக்குவ" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வெளியே வந்தபோது இரண்டு பேர் நெற்றியிலும் ஒரே விபூதி. பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் கை அப்படியே இருந்தது.

ஜீப் பக்கம் வந்தால், ஆத்தூர் பெரியம்மா பையிலிருந்த தட்டுவடைப் பாக்கெட்டைக் குரங்கு எடுத்துக்கொண்டு கூரைமேல் உட்கார்ந்திருந்தது. குட்டியோடு ஒன்று, குட்டி இல்லாமல் ஒன்று. குட்டிக்காரி முதலில் குட்டிக்குக் கொடுத்தாளா என்று நாலு பேரும் நின்று பார்த்தார்கள். கொடுக்கவில்லை. அவளே சாப்பிட்டாள். "சாப்பிடட்டும், பால் குடுக்கறவ" என்றார் பெரியம்மா.

பகோடா பாயிண்டில் மேகம் மூடிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை. கிளியூர் அருவிக்குப் படி அதிகம் என்று போகவில்லை. அண்ணா பூங்காவில் கோடை விழாவுக்குத் தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதி வைத்திருந்த ஒன்பது இடங்களில் பார்த்தது மூன்று. அவர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஏரிக்கரையில் ஒரு சிமெண்டு பெஞ்சில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன முறை, பாட்டியின் மூக்குத்தி கடைசியில் யாரிடம் போனது, எந்தக் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்தது என்று பேசினார்கள். மிளகாய் பஜ்ஜி பிளேட் 50 ரூபாய், நாலு பிளேட். கால் கிலோ மிளகு வாங்கினேன், 220 ரூபாய்.

மதியமும் ராத்திரியும் அதே மெஸ்தான். வேறு எங்கும் போக மாட்டோம் என்றுவிட்டார்கள். ராத்திரி உள்ளே நுழைந்ததும் பெரியம்மா தானாகவே போய் அதே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார். சித்தி போய் அங்கே உட்கார்ந்தார். போகும்போது பெரியம்மா மிச்சமிருந்த மல்கோவா இரண்டையும் மெஸ்ஸுக்கார அம்மாவிடம் கொடுத்தார். அவர் வாங்கி முகர்ந்துவிட்டு, ஒரு பொட்டலம் காப்பித்தூள் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார்.

மே 18, ஞாயிறு. இறக்கம்

இறங்கும்போது கார்தான், குப்பனூர் வழியாக. அம்மாப்பேட்டைக்கு அந்தப் பக்கம் கிட்டம். பாதி மலையிலேயே வெயிலும் புழுக்கமும் ஏறியது. தலைத் துண்டு, சால்வை ஒவ்வொன்றாகக் கழன்று பைக்குள் போனது. சித்தி இந்தத் தடவை வாந்தி எடுக்கவில்லை. பெரியம்மா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

வீட்டில் அண்ணி சமைத்து வைத்திருந்தார். நானும் அண்ணியும் முன்னமே பேசிக்கொண்டோம். ஹாலில் பாய் விரித்து நாலு இலை போட்டு, அடுப்படி வாசலில் அண்ணி நின்றுகொண்டார். பெரியம்மா உள்ளே வரப் பார்த்தார். "உக்காருங்கத்தை. இங்க நாங்கதான் பரிமாறுவோம்" என்றார் அண்ணி. நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு போய் உட்கார்ந்தார். ஆனால் அம்மா பாதியில் எழுந்து தயிர் எடுக்கப் போய்விட்டார். இரண்டு நாளில் அவ்வளவுதான் முடியும் போலிருக்கிறது.

மூன்று மணிக்குச் சித்தி, மருந்து வாங்கி வருகிறேன் என்று சின்னக்கடை வீதிப் பக்கம் போனார். ஒன்றரை மணி நேரம் ஆளைக் காணவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பெரியம்மா எங்கள் பையில் மாம்பழம், தட்டுவடை, ஜவ்வரிசி வடாம் என்று அடைத்துக்கொண்டிருந்தார். ஜிப் மூடவில்லை. மேலே கயிறு போட்டுக் கட்டினார்.

சித்தி வியர்த்து விறுவிறுக்க வந்து, ஒரு மஞ்சப்பையை பெரியம்மா மடியில் வைத்தார். உள்ளே ஆறு ஆரஞ்சு.

"ஏற்காட்டுல வாங்கினதுக்கா."

பெரியம்மா ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளினார். தோல் வரவில்லை. துண்டு துண்டாகப் பிய்ந்தது, வெள்ளை நாரெல்லாம் சுளையோடு ஒட்டிக்கொண்டது. "பொய்யி" என்றார். "கடைவீதிப் பழம்." நாரை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. ரயில், நேரம் என்று யாரும் சொல்லவில்லை. சுளைகளைப் பிரித்துத் தட்டில் வைத்து எண்ணினார். பத்து.

ஆளுக்கு இரண்டு. எனக்கும் இரண்டு.